உன் பங்கு மாத்திரை

மயிலாப்பூரில் பாதிப் பேருடைய எலும்பைப் பற்றிக் கவலைப்பட்ட என் அப்பாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. வருஷாப்திகத்துக்குச் சாஸ்திரிகளிடம் சொல்லியாகிவிட்டது. அண்ணா அமெரிக்காவிலிருந்து வந்துவிட்டான். அம்மா சமையல்காரரிடம் இப்போதே சண்டையை ஆரம்பித்துவிட்டாள். உன்னை 'நீ' என்று கூப்பிட்டே வளர்ந்தவள் நான், எழுதும்போது மட்டும் 'நீங்கள்' போட எனக்கு வரவில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

உன்னிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அது நல்ல செய்தி ஆவதற்கு முன்னால் எங்களை என்ன பாடு படுத்தியது என்பதையும் நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். உனக்கும் அதில் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

முதலில் உன் வைட்டமின் புராணம். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் இல்லையா? ரிடையரான பிறகு யாரோ சொன்னார்கள் என்று மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டாய். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, வைட்டமின் டி மட்டும் அதலபாதாளத்தில் கிடந்தது. உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! டெலிபோன் இலாகாவில் கம்பம் கம்பமாக வெயிலில் அலைந்தவன், இந்த ஊர் வெயிலில் சைக்கிள் மிதித்தே தலைமுடியைத் தொலைத்தவன், எனக்கா வெயில் சத்து இல்லை என்று அந்த லேப் பெண்ணிடமே நியாயம் கேட்டாய். அவள் பாவம், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

கோபம் தணிந்ததும் பக்தி வந்துவிட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்தபடி வாரம் ஒரு மாத்திரை சாப்பிட்டாய். சில மாதத்தில் முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்தாய். அன்றிலிருந்து நீ முழுநேரப் பிரசாரகன். லஸ் பக்கத்துப் பூங்காவில் நடக்க வருகிறவர்களை நிறுத்தி, கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி, "உங்க டி என்ன லெவல்?" என்று கேட்பாய். தெரியாது என்று சொன்னவர்களை விடமாட்டாய். டெஸ்ட் எடுத்துவிட்டு வந்து ஸ்கோரைச் சொன்னவர்கள் உன் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். பிறகு பி-பன்னிரண்டு சேர்ந்தது, கால்சியம் சேர்ந்தது, மூட்டுக்கென்று ஏதோ ஒன்று சேர்ந்தது. மீன் எண்ணெய் மாத்திரைதான் நம் வீட்டில் நுழையவில்லை. அது இன்னதென்று தெரிந்ததும் அம்மா பாட்டிலை வாசல் கதவுக்கு வெளியே வைத்துவிட்டாள்.

என்னையாவது விட்டாயா? அடையாறில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், பகல் முழுக்க வெயிலில்தான் கிடக்கிறேன், எனக்கு எதற்கு டெஸ்ட் என்று எவ்வளவோ சொன்னேன். இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வைத்தாய். எனக்கும் குறைவுதான். கார்க் கண்ணாடியைத் தாண்டி வருகிற வெயில் வேர்க்க வைக்குமே தவிர அந்தச் சத்தைக் கொடுக்காது என்று டாக்டர் விளக்கியபோது, தேர்தலில் ஜெயித்தவனைப் போல நீ என்னைப் பார்த்தாய். நான் தோற்றதை ஒப்புக்கொண்டு மாத்திரையைச் சாப்பிட்டேன். சாயங்காலம் ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற வழக்கம் எனக்கு நின்றது நிஜம்தான்.

ஆகவே இது உன் கட்சிக்கு எதிரான கடிதம் இல்லை. இன்றும் டாக்டர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்குச் சாப்பிடுகிறவள்தான் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் பூங்கா நண்பர்கள் பாதியில் கடிதத்தை மடித்துவிடக் கூடாது.

அண்ணாவின் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளை அங்கிருந்து வந்தாலும் பெட்டியில் பாதி சாக்லேட், பாதி சத்து மாத்திரை. ஊறுகாய் ஜாடி அளவுக்குப் பாட்டில்கள். சித்திக்கு ஒன்று, பக்கத்து ஃபிளாட் மாமாவுக்கு ஒன்று என்று பிரசாதம் போலக் கொடுப்போம், வாங்குகிறவர்களும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். யாரும் லேபிளைப் படிப்பதில்லை. நீ இருந்தபோது கடைசியாக வந்த தடவை அண்ணா எல்லாவற்றிலும் இரண்டிரண்டு கொண்டுவந்தான், உனக்கு ஒரு செட், அம்மாவுக்கு ஒரு செட்.

போதனை உன்னுடையது, வேலை அம்மாவுடையது. காலையில் இரண்டாவது காபி முடிந்ததும் இரண்டு சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் அம்மா மாத்திரைகளை எடுத்துவைப்பாள். ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாராந்திர மாத்திரை ஒன்று கூடச் சேரும். கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று நீ ஒருநாளாவது குனிந்து பார்த்திருப்பாயா? வாயைத் திறந்து கவிழ்த்துக்கொள்வாய், தண்ணீர் டம்ளருக்குக் கையை நீட்டுவாய். அம்மா அதை உன் கையில் வைப்பாள்.

கார்த்திகை மழையில் நீ போனாய். உன் எலும்பெல்லாம் கடைசிவரை கெட்டியாகத்தான் இருந்தது. இதயம்தான் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நின்றுவிட்டது.

காரியங்கள் முடிந்ததும் அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போவதாக அண்ணா சொன்னான். என் வீட்டுக்கு வரச் சொல்லி நானும் கூப்பிட்டேன். அம்மா இரண்டுக்கும் அசையவில்லை. மாதாமாதம் உன் திதிக்கு வருகிற மாசிகங்கள் எல்லாம் நீ இருந்த வீட்டில்தான் நடக்கவேண்டும், வருஷம் முடிகிறவரை வீட்டைப் பூட்டுகிற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே நன்றாகத்தான் இருந்தாள். தனியாகச் சமைத்தாள், தனியாகச் சாப்பிட்டாள். மாசிகத்துக்கு வருகிறவர்களுக்கு நாளும் திதியும் அவளேதான் ஃபோனில் சொல்லுவாள். அம்மாவுக்குப் பஞ்சாங்கம் தலைக்குள்ளேயே அச்சாகியிருக்கிறது என்று நீ கேலி செய்வாய் இல்லையா, அதே அம்மாதான்.

பங்குனி போய்ச் சித்திரை பிறந்த பிறகு அவள் மாற ஆரம்பித்தாள். சாப்பாடு இறங்கவில்லை என்றாள். வயிறு மந்தம், பகலெல்லாம் தூக்கம், நாலு அடி நடந்தால் கால் துவண்டது. வீட்டு வேலைக்கு வருகிற கன்னியம்மாவை நீ மறந்திருக்கமாட்டாய். ஆற்றோரக் குடிசைகளை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசாங்கம் வீடு கொடுத்த பிறகும் பஸ் மாறி மாறி நமக்காக வருகிறவள். ஒருநாள் என்னை வாசலில் நிறுத்தினாள்.

"அக்கா, அம்மா தண்ணி குடிச்சிகினே கீறாங்க. எம்மா ஊத்தி வெச்சாலும் பத்தல. இன்னாமோ கண்ணு பட்டுப்பூட்ச்சி, சுத்திப் போடுக்கா."

வெயில் காலம், தாகம் எடுக்காதா என்று நான் சொன்னேன். அவள் திருஷ்டி என்றாள், நான் வெயில் என்றேன். துக்கம் என்றும் நினைத்தேன். ஐம்பது வருஷம் கூட இருந்தவர் போய்விட்டால் ஒருத்திக்குச் சாப்பாடு இறங்காமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்?

பிறகு மறதி வந்தது. அடுப்பில் வைத்ததை மறந்தாள், சொன்னதையே சொன்னாள். ஒரு மாசிகத்துக்குத் திதியைத் தப்பாகச் சொல்லி, சாஸ்திரிகள் வராத நாளில் மடியாகச் சமைத்துவைத்துக் காத்திருந்தாள். அன்றைக்கு நான் போயிருந்தேன். வடையெல்லாம் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் கறிவேப்பிலை வாங்க மாட வீதிக்குப் போனவள் குளத்தங்கரையில் நின்றுவிட்டாள். வீட்டுக்கு வலது பக்கம் போகவேண்டுமா, இடது பக்கமா என்று தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடக்கிற தெரு, அப்பா! பூக்கட்டுகிற அம்மாள் ஒருத்தி அடையாளம் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டாள்.

இதைக் கேட்டதும் அண்ணா ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஒரு முடிவோடு வந்தான். கோயம்புத்தூர் பக்கத்தில் முதியவர்களுக்கான குடியிருப்பு ஒன்று, நர்ஸ் இருக்கிறாள், நம் சாப்பாடு கிடைக்கும், சிநேகிதனின் அம்மா அங்கேதான் இருக்கிறாள். வருஷாப்திகம் முடிந்த கையோடு அம்மாவை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றான். அவன் கெட்டவன் இல்லை. அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஃபோன் அடித்தாலே நடுங்குகிறவன். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. சண்டை போட வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

"என்னை எங்க வேணும்னாலும் கொண்டுபோய் விடுங்கோ. எனக்கே என்னை நம்ப முடியல்ல."

உன்னோடு ஒரு வாக்குவாதத்திலும் தோற்காதவள் இப்படிச் சொன்னாள். குளத்தங்கரைச் சமாசாரத்தைவிட இது என்னைப் பயமுறுத்தியது. அம்மா அந்த வீட்டை விட்டுப் போனால் திரும்பமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. போன இடத்திலும் வெகுநாள் இருக்கமாட்டாள் என்றும் தோன்றியது.

என் காரில் நான் உட்காருகிற பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, உனக்குத் தெரியும். ஓட்டுகிறவள் பதறினால் நான் மிதிப்பேன். அன்றைக்கும் மிதித்தேன். குடியிருப்பெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர் என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

ஆழ்வார்பேட்டையில் மறதிக்கென்றே பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். மெல்லிய குரல், அவசரமே இல்லாத ஆள். ஞாபகப் பரீட்சையெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் ரத்தம் என்று எழுதிக்கொடுத்தார். சாயங்காலமே அவரிடமிருந்து ஃபோன் வந்தது. ரத்தத்தில் கால்சியம் இருக்கவேண்டிய அளவுக்கு மேலே எங்கேயோ போயிருக்கிறது, வைட்டமின் டி அதற்கும் மேலே, உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றவேண்டும் என்றார். அவரிடம் மறுபடி கேட்டேன். அம்மாவுக்கு ஏதாவது குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு, அதிகம் என்பது காதில் ஏறவே இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு டாக்டரம்மா கட்டிலருகே வந்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பி.பி.க்கு ஒன்று, வேறு எதுவும் கிடையாது என்று அம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். டாக்டரம்மா கேள்வியை மாற்றிக் கேட்டார். சத்து மாத்திரை? டானிக்? பவுடர்?

"அதெல்லாம் மருந்தா என்ன? சத்துதானே," என்றாள் அம்மா.

சமையலறை அலமாரியில் இருப்பது அத்தனையும் எடுத்து வரச்சொல்லி என்னை அனுப்பினார். காய்கறிப் பை ஒன்று நிறைந்தது. டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு லேபிளாகப் படித்தார். டி மாத்திரையில் டி இருந்தது, சரி. கால்சியம் மாத்திரைக்குள்ளும் டி இருந்தது. எலும்புக்கென்று தனியாக வாங்கியதிலும் இருந்தது, மல்டி வைட்டமினிலும் இருந்தது. நாலு பெயரில் ஒரே ஆள் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறான் அப்பா. போதாக்குறைக்கு அம்மாவின் பி.பி. மாத்திரை, கால்சியத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிற ரகம்.

சில சத்துகள் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும், இது அப்படிப் போகாது, கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் உடம்பிலேயே இருக்கும் என்று டாக்டரம்மா எனக்குச் சொன்னார். அப்படியும் அவருக்குக் கணக்கு உதைத்தது. இதையெல்லாம் ஒருத்தர் தினம் சாப்பிட்டால்கூட இந்த உயரத்துக்குப் போகாதே என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா கையில் டிரிப் ஊசியோடு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலே பேசினாள்.

"அவர் காரியமெல்லாம் முடிஞ்ச மறுநாள். கார்த்தால பழக்கத்துல ரெண்டு கிண்ணத்துலயும் எடுத்து வெச்சுட்டேன். வெச்சப்பறம்தான் ஞாபகம் வந்தது. வெச்சதைத் திருப்பி பாட்டில்ல போட கை வரல்ல. குப்பைல போட மனசு வரல்ல. குழந்தை அவ்வளவு தூரத்துலேர்ந்து அப்பாக்குன்னு வாங்கிண்டு வந்தது. நானே போட்டுண்டுட்டேன்."

மறுநாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"மறுநாளும் ரெண்டு கிண்ணம் வெச்சேன்."

வாராந்திர மாத்திரை?

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை, அவரோடதும் என்னோடதும். அப்பறம் என்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னே தெரியாம போயிடுத்து."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். அம்மாமேல் கோபமாக இருந்தது, யாராவது இப்படிச் செய்வார்களா என்று இருந்தது. அதற்கு மேலே, சொன்னால் சிரிப்பாய், உன்மேல் பொறாமையாக இருந்தது. நீ இல்லாத பிறகும் தினமும் காலையில் உனக்கு எடுத்துவைக்க ஒருத்தி இருந்திருக்கிறாள். நீ சாப்பிடவேண்டியதை உனக்காகச் சாப்பிட்டிருக்கிறாள். புத்தி குழம்பியபிறகு அந்தக் குழப்பத்திலேயே இன்னும் கூடச் சாப்பிட்டிருக்கிறாள். இதற்கெல்லாம் நீ என்ன சொல்லியிருப்பாய்? லேபிளைப் படி என்றா?

அம்மா பழையபடி ஆவாளா என்று கேட்டேன். வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆனால் இதற்கு அடியில் நிஜமான மறதி நோயும் ஒளிந்திருந்தால் அதை இப்போது சொல்லமுடியாது, சத்து இறங்கட்டும், பிறகு பார்ப்போம் என்றார். அண்ணாவிடம் ஃபோனில் சொன்னேன். நான்தானே வாங்கிக்கொடுத்தேன் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். உன்மேல் தப்பில்லை என்று சமாதானம் செய்தேன். கடைசியில் அவன் கேட்டது நியாயமான கேள்விதான். மாத்திரையால் வந்ததாகவே இருக்கட்டும், தனியாக இருக்கப்போய்த்தானே இத்தனை மாதம் யாருக்கும் தெரியாமல் போனது?  அவன் வருஷாப்திகத்துக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை அடையாறுக்கு, என் வீட்டுக்கு அழைத்து வந்தேன், மாசிக நாளில் மட்டும் மயிலாப்பூர் போய்வருவது என்ற பேச்சோடு. பி.பி. மாத்திரையை மாற்றியிருந்தார்கள், மற்றதெல்லாம் நிறுத்தியாகிவிட்டது. நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். கொஞ்ச நாளைக்குப் பாலையும் தயிரையும் குறைக்கவேண்டும் என்று ஒரு உத்தரவு. மயிலாப்பூர்க்காரி ஒருத்தியிடம் காபியையும் தயிர்சாதத்தையும் சேர்த்துப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்று நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. முதலில் பேசாமல் இருந்தாள். பிறகு முணுமுணுத்தாள். பிறகு ஒருநாள் அந்த டாக்டரம்மா எந்த ஊர், அவாத்துலயெல்லாம் என்ன சாப்பிடுவா என்று சண்டைக்கே வந்தாள். அந்தக் கோபத்தைக் கேட்டு எனக்கு உடம்பே லேசாகிவிட்டது.

அதற்கும் கொஞ்ச நாள் கழித்து, காலையில் தட்டில் இட்லி வைத்தேன். அம்மா தட்டைத் தள்ளிவைத்தாள்.

"இன்னிக்கு ஏகாதசிடி. எனக்கு எதுக்கு இட்லி வெக்கற?"

காலண்டரை ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏகாதசிதான். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் அந்த இட்லியை நின்றுகொண்டே நான் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக என் கையால் எதுவுமே வந்ததில்லை.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கால்சியம் சரியான இடத்துக்கு வந்திருந்தது, டியும் இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் டாக்டரம்மா ஞாபகப் பரீட்சையை வைத்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அம்மா கழித்த வேகத்துக்கு அவரால் பேனாவால் டிக் போட முடியவில்லை. கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். மறதி நோய் இல்லை என்று அவர் சொன்னபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்றாள். என் வீடு அவளுக்கு வீடே இல்லை பார். கோபித்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.

உன் மாத்திரைகளை என்ன செய்தோம் என்று கேட்பாய். அன்று அந்தப் பையை டாக்டரம்மா மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தார். எடுத்துப் போகிறீர்களா என்று அம்மாவைத்தான் கேட்டார். அம்மா பைக்குள் கைவிட்டு உன் பாட்டில் ஒன்றை எடுத்தாள், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள், திரும்பவும் பைக்குள் போட்டாள். நீங்களே எறிந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் எழுந்து நடந்தாள்.

அம்மா மயிலாப்பூர் வீட்டுக்கே திரும்பிவிட்ட பிறகு, போன வாரம் அண்ணா அங்கே வந்தான். அவன் பெட்டியைத் திறந்ததும் வழக்கம்போல் அம்மா எட்டிப் பார்த்தாள். உள்ளே அவன் துணிகளும் உன் படத்துக்குப் போட ஒரு சந்தன மாலையும் மட்டும்தான்.

"எனக்கு ஒண்ணும் வாங்கிண்டு வரல்லியாடா?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். தலை நரைத்தவன், குழந்தை மாதிரி. அம்மா அவன் தலையில் கையை வைத்தாள்.

"நீ கொடுத்தது சத்துதான்டா. ரெண்டு பேரோடதை ஒருத்தி சாப்பிட்டா அது என்ன பண்ணும்?"

இருந்தாலும் உன் பிள்ளை பிடித்ததை விடுகிறவனா? சாப்பாடு முடிந்ததும் கோயம்புத்தூர்ப் பேச்சை எடுத்தான். குரல் முன்னைவிட மெதுவாக இருந்தது, பேச்சு அதேதான். அங்கே நர்ஸ் இருப்பாள், மாத்திரை சரியாகக் கொடுப்பாள், தான் நிம்மதியாகத் தூங்கலாம் என்றான். நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவை எதுவும் தேவைப்படவில்லை. அம்மா அவனை முழுக்கப் பேசவிட்டுவிட்டுச் சொன்னாள்.

"என் புத்தி கலங்கிக் கிடந்தப்போ எங்க வேணும்னாலும் விடுங்கோன்னேன். இப்ப தெளிஞ்சுடுத்து, கேளு. நான் இந்த ஆத்துலதான் இருப்பேன். பயமா இருந்தா வந்து பாருங்கோ. உங்க பயத்துக்காக நான் எதுக்கு வீடு மாறணும்?"

அவன் என்னைப் பார்த்தான், நான் அம்மாவைப் பார்த்தேன். அந்தக் குடியிருப்புக்கு அவன் அன்று மாலையே வேண்டாம் என்று எழுதிவிட்டான். மறுநாள் காலையில் அம்மாவோடு பூங்காவுக்கும் போனான். பத்து மணி வெயிலில் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு அம்மா இரண்டு சுற்று வந்தாளாம். உன் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்து லெவல் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று இருந்த எண்ணை அம்மா சொன்னதும் அவர்கள் அடங்கிப்போய்விட்டார்களாம். இப்போது அங்கே எல்லாரும் வீட்டுக்குப் போய் லேபிளைப் படிக்கிறார்கள் என்று கேள்வி.

இங்கே முடித்திருந்தால் நல்ல செய்தியோடு முடிந்திருக்கும். கன்னியம்மா நேற்று ஒன்று சொன்னாள். அண்ணா வருவதற்கு முன்னாலேயே, அம்மா வீடு திரும்பிய நாளிலிருந்து, இரண்டாவது காபி முடிந்ததும் மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம். பேசுவதில்லை, எழுந்து போவதும் இல்லை. பெருக்குவதற்காகக் கன்னியம்மா கேட்டால்தான் நகர்கிறாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது அப்பா. நாங்கள் அம்மாவிடமிருந்து விஷத்தை மட்டும் எடுக்கவில்லை. அவள் உன்னோடு இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தையும் சேர்த்து எடுத்துவிட்டோம். எடுக்கத்தான் வேண்டியிருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எடுத்த இடத்தில் எதையாவது வைக்கவேண்டாமா? தனியாக இருப்பவளுக்கு என்ன ஆகிறது என்று யாருக்குத் தெரியும் என்று அண்ணா அன்றைக்குக் கேட்டானே, அதற்கும் இதுதான் பதில் என்று தோன்றியது.

காலையில் முதலில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற பெண்ணைக் கூப்பிட்டு, இனிமேல் காலையில் தாமதமாகத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். இன்று காலை அண்ணா தூங்கிக்கொண்டிருக்கும்போதே அடையாறிலிருந்து பாலத்தைத் தாண்டி அம்மாவின் இரண்டாவது காபிக்குப் போய் நின்றேன். அம்மாவுக்கு ஆச்சரியம். எதற்கு வந்தாய் என்று கேட்டாள். காபிக்கு என்றேன். உங்காத்துல காபி கிடையாதா என்றாள். தினம் வரப்போகிறேன் என்றதும் உள்ளே போனாள். டிக்காஷன் இறக்கி, எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். நான் சுவரோரமாக நின்று குடிக்கப் பார்த்தேன்.

"அங்க என்ன நிக்கற? அப்பா நாற்காலியில உக்காரு."

நீ போனதிலிருந்து அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை, அண்ணாகூட. உட்கார்ந்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து, சமையல்காரர் எத்தனை வாழைக்காய் கேட்கிறார் தெரியுமா என்று ஆரம்பித்தாள். காபி ஆறுகிறவரை பேசினாள்.

நீ அந்த மேஜைக்குத் திரும்பி வரமாட்டாய், எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் இப்போது தெரியும். நான் நீ ஆகமுடியாது, ஆகவும் போவதில்லை. ஆனால் அம்மாவின் எதிரில் அந்த நாற்காலி இனி ஒருநாளும் காலியாக இருக்காது. இது உனக்கு நான் தருகிற வாக்கு. மழையானாலும் வருவேன், அவள் சண்டை போட்டாலும் வருவேன்.

அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கும்,
உன் பெண்
ரமா